எந்தப் பீஸை இழுப்பார்?

என் அப்பா ரோடியர் மில்லில் ஃபோல்டிங் பிரிவில் வேலை பார்த்தார். 1898இல் தொடங்கிய அந்த மில்லின் முழுப்பெயர் ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ். புதுச்சேரியில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஊரின் மூன்று மில்களுக்கும் வழக்குப் பெயர்தான்: சவானா மில், கெப்ளே மில், ரோடியர் மில், அவ்வளவுதான். தறியிலிருந்து வரும் துணியை மேசைமேல் ஓடவிட்டுப் பார்த்து, இழை விட்ட இடத்துக்கும் எண்ணெய்க் கறைக்கும் சாக்பீஸால் குறி போட்டு, மடித்து, பேல் கட்ட அனுப்புவது ஃபோல்டிங்காரர்களின் வேலை. அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிக் கிளாஸ் இருக்கும். மடக்கி விரிக்கிற பித்தளைச் சட்டத்தில் சின்னதாக ஒரு லென்ஸ். அதைத் துணிமேல் வைத்துக் குனிந்தால் ஓர் அங்குலத்துக்குள் பாவு எத்தனை இழை, ஊடை எத்தனை இழை என்று எண்ணிவிடலாம்.

சரக்கு வாங்குகிறவர்களின் ஆள் சோதனைக்கு வரும் நாளைப் பற்றி அப்பா சாப்பிடும்போது சொல்வார். வந்தவர் டீகூடக் குடிக்காமல் அடுக்கி வைத்த பேல்களைச் சுற்றி நடப்பாராம். திடீரென்று ஒன்றைக் காட்டி, "இதை அவிழு" என்பார். அவிழ்த்தால் மேலே இருக்கும் பீஸைத் தொடமாட்டார். நடுவில் கைவிட்டு ஒன்றை உருவுவார். மொத்த லாட்டுக்கும் அந்த ஒரு பீஸ்தான் சாட்சி.

"எந்தப் பீஸை இழுப்பாருன்னு முன்னாடியே சொல்லிட்டா என்னப்பா?" என்று கேட்டேன். எனக்கு ஒன்பது வயது இருக்கும்.

"சொல்லிட்டா அந்த ஒரு பீஸு மட்டும் நல்லா இருக்கும்."

நான் பிழைக்கும் தொழிலுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தைப் பிறகு எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை.

தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் இருபத்து நான்கு வருடம் கம்ப்யூட்டர் லேபில் இருந்துவிட்டு, இப்போது முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மாடியில் எட்டு மெஷின் போட்டு மாலை வகுப்பு எடுக்கிறேன். வருகிற பிள்ளைகள் பாதிப்பேர் ஒரே புகாரோடுதான் படியேறுகிறார்கள். "சாம்பிள் ரெண்டும் பாஸ் சார். ஹிடன்ல மூணு போச்சு. எதுல போச்சுன்னு காட்ட மாட்டேங்குது."

கம்ப்யூட்டர் பக்கம் வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. நிரல் எழுதும் போட்டியிலும் பயிற்சியிலும் ஒரு கணக்கு கொடுப்பார்கள். கூடவே 'இந்த எண்களைக் கொடுத்தால் இந்த விடை வரவேண்டும்' என்று ஒன்றிரண்டு எடுத்துக்காட்டு தருவார்கள். அது சாம்பிள். மாணவர் எழுதிய நிரலை இயந்திரம் வாங்கி, அவருக்குக் காட்டாத வேறு எண்களைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கும். அவைதான் ஹிடன் டெஸ்ட் கேஸ்.

'கொடுத்த எண்களில் இரண்டாவது பெரியது எது?' என்று ஒரு கணக்கு. சாம்பிளில் 4, 9, 2, 7, 5 என்று இருக்கும்; விடை 7. போன வருடம் ஒரு பையன், முதல் எண் 4 என்றால் 7 என்று அச்சிடு என்றே எழுதிக் கொண்டுவந்தான். சாம்பிள் பாஸ். பிள்ளைகள் பாஷையில் இதற்கு ஹார்ட்கோட் பண்ணுவது என்று பெயர். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தான். ஆனால் தொடக்கத்தில் இரண்டு பெட்டியிலும் பூஜ்யம் போட்டு வைத்திருந்தான். மறைத்து வைத்த சோதனையில் −3, −8, −5 வந்தது. அவன் நிரல் பூஜ்யம் என்றது, விடை −5. முதல் பையனைப் பிடிக்கவும் இரண்டாவது பையனுக்குக் கற்றுக்கொடுக்கவும் அந்த ஒரே மறைவுதான் உதவியது. இரண்டு பேருமே அதை அநியாயம் என்றார்கள்.

அநியாயமா என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஊரின் துணிதான் நினைவுக்கு வருகிறது.

1674இல் பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் இங்கே கால் ஊன்றிய நாள் முதல் புதுச்சேரியின் பெரிய சரக்கு துணி. கம்பெனிக்காரர்கள் தறிக்காரரிடம் நேராகப் போவதில்லை. உள்ளூர் வியாபாரிகளோடு ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுப்பார்கள். அவர்கள் மூலமாக அது நெசவாளர் வீட்டுக்குப் போகும். ஒப்பந்தத்தோடு ஒரு மாதிரித் துணி உண்டு. இந்த நீளம், இந்த அகலம், இந்த நெருக்கம். நெய்து வந்த துணியைக் கம்பெனியின் கிடங்கில் மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள். குறைந்தால் விலை குறையும்; இல்லையென்றால் துணி திரும்பிவிடும். பிரெஞ்சு கவர்னர் துப்ளெக்ஸ் காலத்துத் தலைமைத் துபாஷ் (மொழிபெயர்ப்பாளர், தரகர்) ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு என்றால் எல்லோருக்கும் போரும் தர்பாரும்தான் ஞாபகம் வரும். ஆனால் அவர் அடிப்படையில் வியாபாரி. சரக்கு, முன்பணம், கப்பல் என்று அந்தப் பேச்சும் அதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்த மாதிரித் துணி ஒருவகையில் விதி. நெசவாளருக்கு எதைச் செய்ய வேண்டும் என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது என்று அதைக் கண்ணெதிரே வைத்தார்கள். எந்தப் பீஸைப் பிரிப்பார்கள், எங்கே விரல் வைப்பார்கள் என்பது மட்டும் தெரியாது. அதுவரைக்கும் நியாயம். பிரித்துப் பார்ப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருந்ததும், அவர் இரண்டாம் தரம் என்று சொல்லிவிட்டால் தறிக்காரர் எதிர்வாதம் பேச வழியில்லாததும் வேறு கதை. சோதனை மறைவாக இருப்பது ஒன்று, தீர்ப்பு மறைவாக இருப்பது இன்னொன்று. இதை நான் புரிந்துகொள்ள எனக்கே ஒரு அவமானம் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

19ஆம் நூற்றாண்டில் இங்கே அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணி, பிரெஞ்சில் 'கினே', செனகல் ஆற்றங்கரைக்குப் போனது. அங்கே மூர் வியாபாரிகள் கருவேல இனத்து மரத்தின் பிசினைக் கொடுத்து இந்தத் துணியை வாங்கினார்கள். நல்ல லாபம் என்று தெரிந்ததும் ஐரோப்பிய ஆலைகள் அதே நீலத்தில் போலி நெய்து அனுப்பிப் பார்த்தன. பார்வைக்கு எல்லாம் சரி. மூர்கள் துணியைக் கையில் கசக்கி, மூக்கில் வைத்து முகர்ந்தார்கள். புதுச்சேரி நீலத்தின் தடவலும் வாசனையும் அதில் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். போலி நெய்தவர்கள் தெரிந்த சோதனைக்கு மட்டும் தயாராகி வந்திருந்தார்கள். முதல் எண் 4 என்றால் 7 என்று எழுதிய என் பையனை மாதிரி.

ஆனால் அவனை மட்டும் குறை சொல்லி என்ன? நாங்கள் படித்ததே அப்படித்தான். புதுச்சேரிப் பள்ளிகளில் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளுக்கு 'புக் பேக்' என்று பெயர். அதை உருப்போட்டால் பாதிக் கிணறு தாண்டலாம். மீதிக்கு ஐந்து வருட வினாத்தாள் தொகுப்பு கடையில் தொங்கும். பன்னிரண்டு வருடம் சாம்பிளை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளை, பதின்மூன்றாவது வருடம் கல்லூரி லேபில் முதல்தடவையாக ஹிடன் டெஸ்ட் கேஸைச் சந்திக்கிறது. அது பேயைப் பார்த்த மாதிரி விழிப்பதில் ஆச்சரியம் இல்லை.

இயந்திரம் வருவதற்கு முன்னால் லேபில் ஹிடன் டெஸ்ட் கேஸ் பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. எக்ஸ்டர்னல் என்று பெயர், வெளியிலிருந்து வரும் தேர்வாளர். நான் வேலைக்குச் சேர்ந்த தொண்ணூறுகளில் செய்முறைத் தேர்வு என்றால் சீட்டு எடுக்க வேண்டும். எடுத்த சீட்டில் இருக்கும் கணக்கை டர்போ சி-யில் அடித்து, ஓட்டி, எக்ஸ்டர்னலைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தனக்குத் தோன்றிய எண்ணைத் தட்டுவார். ஒருவர் இருந்தார். எந்தக் கணக்காக இருந்தாலும் முதலில் பூஜ்யம், பிறகு மைனஸ் ஒன்று, கடைசியில் 40000. டர்போ சி-யில் முழுஎண்ணுக்கு 16 பிட்தான். 32767க்கு மேல் போனால் சுற்றிக்கொண்டு எதிர்மறைக்குப் போய்விடும். 40000 அடித்தவுடன் திரையில் −25536 வரும். பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நல்ல எக்ஸ்டர்னல்தான். ஆனால் காலை பேட்ச் வெளியே வந்ததும் வராந்தாவில் நின்ற மதிய பேட்சுக்குச் செய்தி போய்விடும். "ஜீரோ, மைனஸ் ஒண்ணு, நாப்பதாயிரம்." மதியம் எல்லோரும் அந்த மூன்றுக்கும் மூன்று வரி எழுதி வைத்திருப்பார்கள். காலை பேட்சில் தடுமாறியவன் மதிய பேட்சில் தேறியவனைவிட மட்டமா? அவன் பெயர் அகரவரிசையில் முன்னால் இருந்தது, அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். அன்றைக்கே எனக்குப் புரிந்தது: சோதனை மறைந்திருப்பது யாரையும் கெடுப்பதில்லை, சிலருக்கு மட்டும் மறைந்திருப்பதுதான் கெடுக்கிறது.

இதே தலைவலி வேறு ரூபத்தில் இயந்திரத்துக்கு அதற்கு வெகுமுன்பே வந்திருந்தது. 1960இல் அமெரிக்காவின் ரென்சலர் பாலிடெக்னிக்கில் ஹாலிங்ஸ்வொர்த் என்ற ஆசிரியர், மாணவர்களின் நிரல்களைத் திருத்த ஒரு நிரலே எழுதிவிட்டதாக அறிவித்தார். துளையிட்ட அட்டைகளில் எழுதிக் கொடுக்க வேண்டும். திருத்தும் நிரல் இரண்டே பதில் சொல்லும்: முடித்துவிட்டாய், அல்லது விடை தப்பு. கம்ப்யூட்டர் நேரம் மிச்சம், கூடுதல் மாணவர்களைச் சேர்க்கலாம் என்று அவருக்கு மகிழ்ச்சி. ஆனால் மாணவரின் நிரலும் திருத்தும் நிரலும் ஒரே நினைவகத்தில் அடுத்தடுத்துக் கிடந்தன. கெட்டிக்காரப் பிள்ளை நினைத்தால் தன் நிரலை வைத்துத் திருத்துகிறவரையே திருத்திவிடலாம். அந்த ஆபத்தையும் அவரே எழுதி வைத்தார். தானியங்கித் திருத்தம் பிறந்த அன்றே அதை ஏமாற்றும் வழியும் கூடப் பிறந்தது.

பிறகு போட்டிகள் வந்தன. கல்லூரி மாணவர்களுக்கான ஐசிபிசி 1970இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் முளைத்து, 1977இல் முதல் இறுதிப்போட்டியைக் கண்டது. மூன்று பேர், ஒரே கம்ப்யூட்டர், ஐந்து மணி நேரம். தவறாகச் சமர்ப்பித்தால், அந்தக் கணக்கைக் கடைசியில் தீர்க்கும்போது தடவைக்கு 20 நிமிடம் தண்டனை. எந்தச் சோதனையில் தவறினாய் என்று சொல்லவே மாட்டார்கள். தீர்த்தால் மேசைக்கு ஒரு பலூன் வரும். கேரளாவில் அமிர்தபுரியில் நடந்த ஒரு சுற்றுக்கு எங்கள் பிள்ளைகள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு ரயிலேறியிருக்கிறேன். ஐந்து மணி நேரத்தில் ஒரே ஒரு பலூன். திரும்பும் வழியெல்லாம் அந்தப் பலூனை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்துக்கொண்டு, வராத இரண்டாவது பலூனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். எதில் தவறினோம் என்று ஆளுக்கு ஒரு ஊகம்.

அந்த ஊகத்தின் வலி எனக்கும் தெரியும். ஸ்பெயினில் வல்லதோலித் பல்கலைக்கழகத்தின் மிகேல் ரெவில்லா தன் மாணவர்களுக்காக உருவாக்கிய இணைய நடுவரை 1997இல் உலகத்துக்கே திறந்துவிட்டார். யார் வேண்டுமானாலும் கணக்கை எடுக்கலாம், எழுதி அனுப்பலாம். பாஸா ஃபெயிலா என்று பதில் வரும். காசு கிடையாது. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபத்தைந்து ரூபாய் கொடுத்து உட்கார்ந்து நான் முதலில் தொட்டது அதன் 100ஆம் கணக்கு. ஓர் எண்ணை எடுத்துக்கொள். இரட்டை என்றால் பாதியாக்கு. ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு. 1 வரும்வரை செய். ஒவ்வொரு எண்ணுக்கும் இந்த வரிசையின் நீளம் ஒன்று உண்டு. இரண்டு எண்கள் தருவோம். அவற்றுக்கு இடையில் மிக நீளமான வரிசை எவ்வளவு? சாம்பிளில் 1, 10 என்றால் 20. 900, 1000 என்றால் 174. என் நிரல் இரண்டையும் சரியாகச் சொன்னது. அனுப்பினேன். ராங் ஆன்சர். திருத்தி அனுப்பினேன். ராங் ஆன்சர். மூன்று வாரம், மூன்று சனிக்கிழமை.

நான்காவது சனிக்கிழமை உறைத்தது. 'இரண்டு எண்கள்' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். முதலாவது சின்னது, இரண்டாவது பெரியது என்று எங்கேயும் சொல்லவில்லை. சாம்பிளில் அப்படி இருந்ததைப் பார்த்து நானாக நினைத்துக்கொண்டேன். 10, 1 என்று கொடுத்தால் என் நிரல் சும்மா நிற்கும். இரண்டு வரி சேர்த்தேன், ஏற்றுக்கொண்டது. கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. கணக்கில் சொல்லாத எதையும் சோதனை கேட்கவில்லை. இன்புட்டை மறைக்கலாம், விதியை மறைக்கக் கூடாது. அந்த ஸ்பெயின்காரர் விதியை மறைக்கவில்லை. கிடங்கு வாசலில் மாதிரித் துணி தொங்கத்தான் செய்தது. நான்தான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

ஆனாலும் மூன்று சனிக்கிழமை என்பது என்னிடம் காசும் பிடிவாதமும் இருந்ததால் முடிந்தது. எத்தனை பேர் இரண்டாவது 'ராங் ஆன்சர்'இலேயே எழுந்து போயிருப்பார்கள்? இந்தக் கேள்வி உலகம் முழுக்க எழுந்தது. 2001இல் தொடங்கிய டாப்கோடர் என்ற போட்டித் தளம், போட்டியாளர்களே ஒருவர் நிரலை ஒருவர் சோதிக்கும் சுற்று ஒன்றை வைத்தது. எதிராளியின் நிரலை வாசித்து, அது உடையும் ஓர் இன்புட்டைக் கண்டுபிடித்தால் உனக்கு மதிப்பெண். ரஷ்யாவின் சரத்தோவ் பல்கலைக்கழகத்தில் மைக் மிர்சயானோவ் உருவாக்கிய கோட்ஃபோர்சஸ் 2010இலிருந்து அதையே 'ஹாக்' என்று ஆக்கியது. அதைவிட முக்கியமான இன்னொன்றும் செய்தது. போட்டி முடியும்வரை கதவு இறுகச் சாத்தியிருக்கும். முடிந்த பிறகு சோதனைகளையும் மற்றவர்களின் நிரல்களையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்தச் சோதனையில் தவறினாய் என்று எண்ணோடு தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்கான சர்வதேச தகவலியல் ஒலிம்பியாடு 1989இல் பல்கேரியாவில் தொடங்கியது. இந்தியா 2002இல் சேர்ந்தது. அங்கேயும் பல வருடம் போட்டி முடிந்த பிறகே மதிப்பெண் தெரியும். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது மாறி, எழுதும்போதே எவ்வளவு வாங்கினோம் என்று தெரிய ஆரம்பித்தது.

நம் பக்கமும் இதே வழிதான். 2009இல் மும்பையில் தொடங்கிய கோட்செஃப் கல்லூரி விடுதிகளில் தீயாகப் பரவியது. திருச்சி என்ஐடி-யில் படித்த விவேக் ரவிசங்கரும் ஹரி கருணாநிதியும் தொடங்கிய நிறுவனம் பிறகு ஹாக்கர்ரேங்க் ஆயிற்று. அங்கே பயிற்சிக் கணக்கில் மாட்டிக்கொண்டால், சம்பாதித்து வைத்த 'ஹாக்கோஸ்' என்ற கற்பனைக் காசைக் கொடுத்து ஹிடன் டெஸ்ட் கேஸைத் திறந்து பார்க்கலாம். என் பிள்ளைகள் அதைச் செலவழிக்கிற கஞ்சத்தனத்தைப் பார்த்தால் மளிகைக் கடைக்காரர் தோற்றுப்போவார். லீட்கோடு என்ற தளத்தில் பயிற்சி செய்தால் எந்த இன்புட்டில் தவறினாயோ அதை அப்படியே கண் முன் வைக்கும். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சி-யும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் 2014 முதல் சான்றிதழ் வகுப்பு நடத்துகிறது. அதன் நிரல் வீட்டுப்பாடத்தில் பப்ளிக், பிரைவேட் என்று இரண்டு வகைச் சோதனை. மதிப்பெண் பிரைவேட்டில்தான். கெடு முடிந்த பிறகு அதன் முடிவு தெரியும். இத்தனை இடங்களும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு பதில் சொல்லிப் பார்த்திருக்கின்றன. மறைப்பதா காட்டுவதா என்பது முடிந்துபோன சண்டை. எப்போது காட்டுவது, யாருக்குக் காட்டுவது என்பதில்தான் இன்னும் இழுபறி.

இப்போது என் அவமானம். 2011 என்று நினைவு. லேபில் நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, பிள்ளைகளின் நிரல்களைத் தானாகத் திருத்தும்படி செய்திருந்தேன். கல்லூரியில் பாராட்டெல்லாம் கிடைத்தது. ஒரு மாதத் தேர்வுக்குக் கொடுத்த கணக்கு: ஒரு தேதியைத் தருவோம், மறுநாள் தேதியைச் சொல். லீப் வருடம் தெரிந்திருக்கிறதா என்று பார்க்கும் கணக்கு. நான்கால் வகுபட்டால் லீப். நூறால் வகுபட்டால் இல்லை. நானூறால் வகுபட்டால் மறுபடியும் லீப். பத்து ஹிடன் டெஸ்ட் கேஸ் தயார் செய்தேன். விடைகளைக் கையால் எழுதச் சோம்பல். எக்ஸெலில் தேதியைப் போட்டு ஒன்று கூட்டி, வந்ததை அப்படியே ஒட்டினேன். அதில் ஒன்று 28 பிப்ரவரி 1900.

எக்ஸெல் 29 பிப்ரவரி 1900 என்றது.

அப்படி ஒரு நாளே கிடையாது. 1900 நூறால் வகுபடும், நானூறால் வகுபடாது. மறுநாள் மார்ச் 1. ஆனால் அந்தக் காலத்து லோட்டஸ் 1-2-3 மென்பொருள் 1900ஐ லீப் வருடமாக வைத்துவிட்டது. லோட்டஸ் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று எக்ஸெல் தெரிந்தே அந்தத் தவறைத் தத்தெடுத்துக்கொண்டது, இன்றைக்கும் வைத்திருக்கிறது. இது எனக்குத் தெரியாது. அறுபத்து மூன்று பேர் எழுதினார்கள். நான்கால் வகுபட்டால் போதும் என்று அரைகுறையாக எழுதியவர்கள் அந்தச் சோதனையில் தேறினார்கள். நூறு, நானூறு எல்லாம் பார்த்து ஒழுங்காக எழுதிய ஒன்பது பேர் தவறினார்கள். ஹிடன் என்பதால் எதில் போயிற்று என்று அவர்களுக்குத் தெரியாது. "நல்லா யோசிச்சுப் பாருங்க, எங்கியோ விட்டிருப்பீங்க" என்று நான் வேறு உபதேசம் செய்தேன்.

மறுநாள் அந்த ஒன்பதில் ஒரு பெண் வந்து நின்றாள். பேசவே தயங்குகிற பிள்ளை.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா? நூறால வகுக்கிற வரியை எடுத்துட்டு ஓட்டினேன். பத்தும் பாஸ் ஆகுது சார்."

"அப்புறம் என்னம்மா?"

"தப்பா எழுதினாத்தான் சார் பாஸ் ஆகுது."

உட்கார்ந்து பத்துச் சோதனையையும் அவள் முன்னால் திறந்தேன். நான்காவது. என் கண் முன்னால் 29 பிப்ரவரி 1900 உட்கார்ந்திருந்தது. அவள் கேட்டிருக்காவிட்டால் அது இன்னும் எத்தனை பேட்ச்சை அறுத்திருக்குமோ. பூட்டிய பெட்டிக்குள் பிள்ளைகளின் தவறு மட்டும் பிடிபடும், என் தவறு பத்திரமாக இருக்கும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. கிடங்கில் தரம் பிரித்தவரின் தராசு சரியா என்று எந்தத் தறிக்காரர் கேட்டிருக்க முடியும்?

பூட்டை உடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது தனிச் சாமர்த்தியம். விடை தப்பு என்றால் ஒரு பதில், நிரல் நடுவில் விழுந்தால் வேறு பதில் என்று நடுவர் வித்தியாசம் காட்டினால் போதும். 'எண் 100க்கு மேல் இருந்தால் பூஜ்யத்தால் வகு' என்று எழுதி அனுப்புவான். விழுந்தால் இன்புட் நூறுக்கு மேல், விழாவிட்டால் நூறோ அதற்குக் கீழோ. பிறகு 50, பிறகு 75. பத்துப் பதினைந்து தடவையில் மறைத்து வைத்த எண் கைக்கு வந்துவிடும். என் மாணவன் ஒருவன் இப்படி ஒரு சோதனையை முழுசாகக் கறந்துவிட்டான். திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. அந்தக் கணக்கைத் தீர்ப்பதைவிட அதிக மூளை அதற்குச் செலவழித்திருந்தான். எனக்கு எரிச்சல் தருவது அதற்கடுத்த படி. கறந்ததை வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். வேலைவாய்ப்புத் தேர்வு காலையில் ஓர் ஊரில், மதியம் இன்னோர் ஊரில் என்று நடந்தால், குழுவில் இருப்பவனுக்கு ஒரு தேர்வு, இல்லாதவனுக்கு வேறு தேர்வு. அண்ணன் அக்கா யாரும் கல்லூரிக்குப் போகாத வீட்டுப் பிள்ளைதான் பெரும்பாலும் குழுவில் இருக்காது. ஜீரோ, மைனஸ் ஒன்று, நாற்பதாயிரம். அதே வராந்தா, நீளம்தான் கூடிவிட்டது.

1900ஆம் வருட விவகாரத்துக்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். வாரப் பயிற்சியில் எல்லாச் சோதனையும் திறந்தே இருக்கும். தவறிய இன்புட்டை உடனே பார்க்கலாம். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் கண்ணைக் கட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. மாதக் கடைசிச் சனிக்கிழமை மட்டும் போட்டி. அன்றைக்கு ஹிடன் டெஸ்ட் கேஸ்களையும் விடைகளையும் காகிதத்தில் அச்செடுத்து, பழுப்பு நிறக் கவரில் போட்டு ஒட்டுவேன். போட்டி தொடங்குமுன் ஒட்டிய மடிப்பின் குறுக்கே மூன்று பிள்ளைகள் கையெழுத்துப் போடுவார்கள், பொதுத்தேர்வு வினாத்தாள் கட்டுக்குப் போடுவது போல. கவர் என் மேசைமேல், அப்பாவின் பிக் கிளாஸுக்கு அடியில் இருக்கும். மில் 2020இல் ஒரேயடியாக மூடிவிட்டது. அப்பா அதைப் பார்க்கவில்லை. லென்ஸ் இன்னும் நன்றாக இருக்கிறது. ஆறு மணிக்குக் கவரை எல்லோர் முன்னாலும் கிழிப்போம். ஒவ்வொரு சோதனையாக வாசிப்பேன். பிள்ளைகளும் என்னைத் திருத்தலாம். சோதனை தப்பு என்று நிரூபித்தால் எல்லோருக்கும் அந்த மதிப்பெண் உண்டு. கண்டுபிடித்தவருக்கு என் செலவில் ஒரு ரோஸ்மில்க்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் தொடங்கும் முன்னால் மெதுவாக வந்து, "சார், எத்தனையாவது கேஸுல டுவிஸ்ட்டு வச்சிருக்கீங்க, அது மட்டும் சொல்லுங்க" என்றான்.

"சொன்னா அந்த ஒண்ணுக்கு மட்டும்தான்டா எழுதுவ" என்றேன்.

ஆறு மணிக்குக் கவரைக் கிழித்தோம். நான் வாசித்துக்கொண்டே வந்தேன். ஆறாவதில் அதே பையன் கை தூக்கினான். கணக்கில் எண்கள் ஆயிரத்துக்குள் இருக்கும் என்று போட்டிருந்தேன். ஆறாவது சோதனையில் 1024 இருந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். விதியை மீறியது நான்தான்.

மணிக்கூண்டுக்கு எதிர்க்கடையில் இரண்டு ரோஸ்மில்க் வாங்கினேன். ஒன்று அவனுக்கு.